அந்த ஒரு வார்த்தைய எடு

இல்லம்மா, கையெழுத்தெல்லாம் அப்புறம். ஜனாதிபதி என்னைப் பத்திப் பேசப்போறதுக்கு நீ எழுதிக்கிட்டு வந்த அந்தப் பத்திய இன்னொரு தரம் படி. ம்... ம்... கொள்ளையடிக்க வந்த மனித மிருகம். நிறுத்து. அந்த வார்த்தைய எடு.

ஏனா? சரக்கு என்னுது, பேரத்த நான்தான் பேசுவேன். எட்டாங்கிளாஸோட படிப்ப விட்டுட்டு, இந்த மஸ்கோகி ஊர்ல பழைய இரும்பு வித்தே மேல வந்தவன் இந்த ஹார்லன் ஸ்பீர்ஸ். உங்களுக்கு என்ன வேணும்? பாராளுமன்றத்துல ஜனாதிபதியோட வருஷாந்திரப் பேச்சு அன்னிக்கு மேல மாடத்துல அவரு சம்சாரம் பக்கத்துல நான் உக்காரணும், பேரச் சொன்னதும் எந்திரிச்சு நிக்கணும், ரெண்டு கட்சிக்காரனும் கை தட்டணும். அவ்வளவுதான? வரேன். கல்யாணத்துக்கே டை கட்டாதவன், கட்டுறேன். அது மட்டும் வேணாம்.

வெறும் பேச்சா? அடிப்பாவி, அவரு சம்பளத்துல சாப்பிட்டுக்கிட்டு நீயே சொல்ற! நான் திட்டுறது இந்த எடைமேடையோட போச்சு. காலையில நாயேன்னு கத்தினா, மத்தியானம் அதே டிரைவர் எங்கூட கறி திம்பான். அவரு பேசுறது அப்படியா? எங்கப்பா ரேடியோவுல ஒரு ஜனாதிபதி பேசினதக் கேட்டுட்டு, சாப்பாட்டுத் தட்ட அப்படியே வச்சுட்டுப் போயி பட்டாளத்துல சேந்தவரு. கொரியா சண்டையில ஒரு கால விட்டுட்டு வந்தாரு. அப்பவும் அந்தப் பேச்ச வரி பிசகாம சொல்லுவாரு, கண்ணுல தண்ணியோட.

போன வருஷம் இதே மேடையில ஒருத்தன விஷப் பாம்புன்னாரே, எழுதினது நீயா? வேற ஆளா, சரி. அவன் அம்மா பக்கத்து ஊருதான். மறுநாள் அந்தம்மா வீட்டு ஜன்னல் பூரா நொறுங்கிக் கிடந்துச்சு. வளத்த நாயச் சுட்டு வாசல்ல போட்டுட்டுப் போயிருந்தானுங்க. பாம்பப் பெத்தவதானேன்னு.

அப்புறம் இது என்ன, துணிச்சலா தடுத்தாராம்? துணிச்சலாவது மண்ணாவது. கோவம்! முகமூடி போட்டுக்கிட்டு, துப்பாக்கிய நீட்டிக்கிட்டு, பணப்பெட்டியத் திறடான்னான் என்னைப் பாத்து. கடப்பாரைய எடுத்து மணிக்கட்டுல போட்டேன். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. துப்பாக்கி எங்கயோ போய் விழுந்துருச்சு. அதோட விட்டிருக்கலாம்ங்கிற. விடல. தோள்ல ஒண்ணு. திரும்பி ஓடப்பாத்தான், பின்மண்டையில ஒண்ணு. எடைமேடை மேல குப்புற விழுந்தான். முள்ளு கிடந்து ஆடிட்டு ஒரு இடத்துல நின்னுச்சு. போலீஸ்காரன் வந்து பாத்துட்டு என் முதுகுல தட்டிக் குடுத்தான். தற்காப்புதான், கேஸே இல்லன்னுட்டான்.

ஏய், உக்காரு! மேஜையத்தான குத்தினேன், உன்னையா குத்தினேன்?

சரி, நான் இறங்கி வரேன். துப்பாக்கியோட வந்தவன்னு போடு. நெசந்தான். திருடன்னு வேணா போட்டுக்கோ, அதையும் ஒத்துக்கிறேன். மிருகம் வேணாம். ஜனம் எந்திரிக்காதா? எந்திரிக்கலைன்னா உக்காந்திருக்கட்டும்! நாடு பூரா ஒரே நேரத்துல கேக்குமேடி. நாளைக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்துல அச்சடிச்சிருவான். அப்புறம் கடப்பாரைய வச்சுப் பேத்தாலும் அது போகாது.

செத்தவனுக்காக யாரு வருத்தப்படப் போறாங்கன்னா கேக்குற? தல்சாவுல ஒருத்தி இருக்கா. ஷெரில்னு பேரு. என் மொத சம்சாரம். அந்தப் பேச்ச ஒரு வருஷங்கூட விட்டதில்ல அவ. சோபாவுல கால மடக்கிக்கிட்டு, என்னைக்கூட வாய மூடச் சொல்லிட்டுக் கேப்பா. என் கோவம் தாங்காம கைக்குழந்தையத் தூக்கிட்டுப் போனவ, அதுக்கு எம் பேரே வேணாம்னு தன் பொறந்த வீட்டுப் பேர வச்சுட்டா. அதான் உங்க காகிதத்துல வேற பேரா இருக்கு.

போலீஸ் வர்றதுக்கு முன்ன முகமூடியக் கழட்டினது நான்தாம்மா. மூக்கும் தாடையும் அப்படியே என்னுது. எங் கடைன்னு தெரிஞ்சு வந்தானா, தெரியாமதான் வந்தானா, கேக்க முடியல. அவகிட்ட போன்ல சொன்னேன்.

ஏன் பேனாவக் கீழ வச்சுட்ட? எடு. சொல்லு, எம்புள்ளைய என்னன்னு எழுதப் போற?