மூன்றாம் வாயிலுக்கு எதிர் பெஞ்சு

சாட்சியின் பாதுகாப்பை முன்னிட்டு என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி மூன்றும் தனித்தாளில் எழுதப்பட்டு உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. வயது எழுபத்தொன்று. ஒரு நாளிதழின் ஆவணப் பிரிவில் செய்தி நறுக்குகளைப் பொருள்வாரியாக அடுக்கும் வேலையில் முப்பத்தொரு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியுடனும் மகளுடனும் வசிக்கிறேன். மகள் ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை பார்க்கிறாள். ஒலிபெருக்கி அறிவிப்பும் அவள் பொறுப்பு. இன்று வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.25 மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். ஆய்வாளர் அம்மையார் முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல நிலைய எழுத்தர் தட்டச்சு செய்தது இது.

ஓய்வு பெற்ற பின்னும் பழக்கம் விடவில்லை. கடந்த ஒன்பது ஆண்டுகளாக உலகில் எங்கே பயங்கரவாதத் தாக்குதல் நடந்தாலும் அதற்கு ஓர் அட்டை எழுதி, செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வருகிறேன். இப்போது 1,140 அட்டைகள் உள்ளன. "உலகத்துல எங்க குண்டு வெடிச்சாலும் தூசி என்னவோ நம்ம வீட்டுலதான் படியுது" என்று மனைவி சொல்வாள். கொடிகளும் காரணங்களும் மொழிகளும் வேறு வேறு என்றாலும் அட்டைகளை அடுக்கும்போது சில ஒற்றுமைகள் தெரிந்தன. நான் நிபுணன் அல்லன், தவறாகவும் இருக்கலாம். ஏழை நாடுகள் சிலவற்றில் ஒரே ஊரின் பெயர் நாற்பது முறை வருகிறது, ஆனால் செய்தி இரண்டு வரிக்கு மேல் இல்லை. கோட்டைகளைவிட, சாதாரண ஜனங்கள் காத்து நிற்கும் இடங்களே அதிகம். உள்ளே சோதனை வைத்தால், சோதனைக்காக வெளியே நிற்கும் வரிசைக்கு ஆபத்து இடம் மாறுகிறது. பதினேழு அட்டைகளில், ஒரு பக்கத்திலிருந்து விலக்கி அனுப்பப்பட்ட கூட்டம் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அடி விழுந்திருக்கிறது.

இவை தவிர இன்னொன்று. பிழைத்தவர்கள் சொன்னதில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. முன்பே ஒருவர் வந்து நின்றார், பார்த்தார், மரியாதையாகத்தான் பேசினார், ஏதோ ஒரு மாதிரி இருந்தது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது என்று இருந்துவிட்டேன் என்பதே அது. இப்படிப்பட்டவற்றை மட்டும் பச்சை அட்டையில் எழுதி வைத்தேன். 212 உள்ளன.

சென்ற மாதம் ரயில் நிலையத்தின் மூன்றாம் வாயிலில் பை சோதனை வைத்தார்கள். அதனால் வெளியே நீண்ட வரிசை நின்றது. அந்த வரிசையிலிருந்து மகளின் ஜன்னல் இருபது அடிதான். நிலைய அதிகாரிக்குக் கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன். கணக்கு இல்லாமல் எழுதினால் கிழவனின் பிதற்றல் என்பார்கள் என்று பயந்து, சென்ற வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மாலை ஐந்து முதல் ஆறு வரை எதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்களை எண்ணினேன். நான் எண்ணுவதை யாரும் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று செய்தித்தாளை விரித்துப் பிடித்து, அதன் மறைவில் நோட்டில் கோடு போட்டேன்.

முதல் நாளே ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழுப்புத் தோள்பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். "என்ன சார், ஆள் எண்றீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் எண்ணினா பத்துக்கு ரெண்டு விட்டுடுவேன். உங்களுது பழகின கை" என்றார். அப்படி ஒருவர் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதன் பின் அவர், "குழந்தைங்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றேன். "அதான் சரி சார்" என்றார்.

இரண்டாம் நாளும் வந்தார். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், மகள் எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்பது உட்பட. மூன்றாம் நாள் கடைசிப் பக்கத்தில், இன்றைய தேதியைப் போட்டு, நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலை என்பதால் 5.30 மணிக்கு மூன்றாம் வாயிலில் 640 பேர் நிற்கக்கூடும் என்று எழுதினேன். அதன் பின் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. நோட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். திரும்பி வந்தபோது அவரும் இல்லை, நோட்டும் இல்லை.

வெட்கத்தால் ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. இன்று மதியம் பச்சை அட்டைப் பெட்டியை எடுத்து ஒரு புதுப் பச்சை அட்டையில், பக்கத்தில் உட்கார்ந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், யாரிடம் போய்ச் சொல்வது என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அது 213-வது அட்டை என்று கண்டேன். சட்டையை மாட்டினேன். "நீங்க போய்ச் சொன்னா உங்களைத்தான் பிடிச்சு உட்கார வைப்பாங்க" என்றாள் மனைவி. நான் வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பக் கூப்பிட்டு, "மாத்திரையப் போட்டுட்டுப் போங்க. உட்கார வச்சா நேரமாகும்" என்றாள்.

இங்கே ஆய்வாளர் கண்காணிப்புக் கேமராவின் மூன்று நாள் பதிவையும் எனக்குக் காட்டினார். மூன்று நாளும் நான் விரித்த செய்தித்தாளின் பின்னால் பக்கத்தில் உட்கார்ந்தவர் இருக்கிறார். ஒரு காலணியின் முனை தெரிகிறது, வேறெதுவும் தெரியவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், காவலர் மாறுவதைப் பார்ப்பதும், எழுதுவதும் தெளிவாகத் தெரிகின்றன. "பெரியவரே, இதுல சந்தேகப்படுற மாதிரி இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்" என்றார் எழுத்தர். அவர் சொன்னது சரி.

இருந்தாலும் 4.20 மணிக்கு ஆய்வாளர் மூன்றாம் வாயிலை மூடி, எல்லோரையும் முதல் வாயில் வழியாக அனுப்பும்படி தொலைபேசியில் உத்தரவிட்டார். அதன் பின் 4.35 மணிக்கு மகள் என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, நோட்டு தொலைஞ்சதைச் சொல்லவே இல்லையே? இப்பதான் ஒருத்தர் கொண்டாந்து குடுத்துட்டுப் போறார். ரொம்ப மரியாதையானவர்." கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். நான் எழுதியதன் கீழே பென்சிலில் ஒரு வரி இருப்பதாகச் சொல்லிப் படித்தாள்: மூன்று மூடப்பட்டால், முதல் வாயிலில் 1,180, குழந்தைகளைச் சேர்த்து.

சொல்வதா வேண்டாமா, நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் தயங்கினேன். அந்த ஒரு நிமிடத்தையும் பதியக் கேட்டுக்கொள்கிறேன். அதன் பின் எழுந்து நின்று, "அங்க அனுப்பாதீங்கம்மா! அங்கதான் சேரணும்னு அவன் கணக்குப் போட்டிருக்கான்!" என்று கத்தினேன். என் குரல் அடுத்த அறை வரை கேட்டதாம். "நீங்க சொல்றது தப்பா இருந்தா?" என்றார் ஆய்வாளர். "தப்பா இருந்தா என்னை உள்ள வைங்க" என்றேன். அவர் மறுபடி தொலைபேசியை எடுத்து, முதல் வாயிலைக் காலி செய்யவும், யாரையும் ஓரிடத்தில் சேர்க்காமல் எல்லா நடைமேடை வழிகளிலும் பிரித்து வெளியேற்றவும் சொன்னார்.

மகளை உடனே வெளியே வரச் சொன்னேன். "நான் வந்துட்டா மைக்ல யாருப்பா சொல்றது?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். அதன் பின் நாற்பது நிமிடம், ஆய்வாளரின் வயர்லெஸ் ஒவ்வொரு முறை இரைந்தபோதும் பின்னணியில் அவள் குரல் கேட்டது. அவசரப்படாமல், தள்ளாமல், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்று அவள் ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

5.50 மணிக்குச் செய்தி வந்தது. முதல் வாயில் படிக்கட்டின் அடியில் கிடந்த ஒரு பையிலிருந்த குண்டு, உரிய ஆட்களால் செயலிழக்க வைக்கப்பட்டு எடுக்கப்பட்டது. யாருக்கும் காயம் இல்லை. பையின் படத்தை எனக்குக் காட்டினார்கள். பழுப்புத் தோள்பை. மூன்று நாளும் எங்களுக்கு நடுவில் இருந்தது அதுவே. மூன்றாம் நாள் கை வலித்ததால் என் முழங்கையை அதன்மேல் ஊன்றியிருந்தேன்.

அதன் பின் மகள் இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குக் குரல் கட்டியிருந்தது. அந்த ஆளின் அடையாளம் சொல்லும்படி ஆய்வாளர் கேட்டார். காலணி துடைத்திருந்தது, நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன, சோப்பு வாசனை வந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை. தலையைத் திருப்பினால் கணக்கு தவறும் என்று வரிசையையே பார்த்துக்கொண்டு பேசினேன். மகள் நோட்டைப் பார்த்தாளாம், கொடுத்தவரைப் பார்க்கவில்லையாம். "ரெண்டு பேருமேவா?" என்றார் ஆய்வாளர். வெளியேறிய கூட்டத்தோடு அவரும் நடந்து போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நோட்டை என்னிடம் காட்டினார்கள். மூன்று நாள் கோடுகளையும் மறுபடி கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நான் எந்த நாளிலும் சேர்க்கவில்லை.

எழுத்தர் படித்துக்காட்ட முழுவதும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஒருவர் குறைகிறார் என்பதைத் தவிர இதில் திருத்தம் ஏதுமில்லை. நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே என்று, யார் வற்புறுத்தலும் இன்றி, மகளின் முன்னிலையில் மாலை 6.40 மணிக்கு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)