முதல் முத்தி

– பேச்சை வளர்க்காதீங்க கஸ்பாரே சாமி. அந்த வெண்கலப் பலகையைத் துணியில சுத்திக் குடுங்க, வீட்டுக்குக் கொண்டு போறேன்.

– நல்லா இருக்கே பெர்னார்தீனாம்மா! பூசையில ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஊரே வாய் வச்சு முத்தி செய்ற சேசு சுரூபப் பலகையை, இரவல் குடுத்த சட்டியைக் கேக்குற மாதிரி கேக்குறீங்களே!

– எங்க சொத்து, கேக்குறேன். எங்க அப்பா பாதுவா பட்டணத்துல ஆள் வச்சு வார்த்தது. பின்னாடி திருப்புங்க. எங்க வீட்டுச் சேவல் முத்திரை தெரியுதா இல்லையா?

– தெரியுது, தெரியுது. உருக்கின வெண்கலம் மத்தேயாம்மா வீட்டு உடைஞ்ச மணி. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

– கூலி குடுத்தது யாரு? கோயிலுக்குக் குடுக்கும்போது அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், முதல் முத்தி எங்க வீட்டுக்குன்னு. இன்னிக்கு என்னடான்னா கோயில்பிள்ளை என் கண்ணு முன்னாடியே அதை மத்தேயாகிட்ட தூக்கிட்டுப் போறான்! யார் சொல்லிப் போனான்?

– நான் சொல்லித்தான்.

– அடப்பாவி! மன்னிச்சுக்குங்க சாமி, வாயில வந்துருச்சு.

– பரவாயில்ல. அவ முத்தி செஞ்சதும் அடுத்து உங்ககிட்டதானே வந்துச்சு? நீங்க என்ன செஞ்சீங்க?

– மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவ எச்சில்ல நான் வாய் வைக்கணுமா?

– இந்தப் பலகை யாருதுன்னு சந்தையில சண்டை போட்டுத்தானே உங்க பிள்ளை ஒத்தாவியோ அவ மகனைக் குத்திக் கொன்னான்? ஒத்தப் பிள்ளைம்மா அவளுக்கு.

– எனக்கு மட்டும் பத்துப் பிள்ளையா? மூணு வருஷமா அவன் மாந்துவாவுல எவன் குதிரைக்கோ தண்ணி காட்டிட்டுக் கிடக்கான். ஊருக்குள்ள கால் வச்சா தூக்கு. செத்தவன் வீட்டார் சமாதானம் குடுத்தாத்தான் வரலாம். எத்தனை தடவை ஆள் விட்டேன் அவகிட்ட! அசையவே இல்ல. அவளுக்குப் போய் நீங்க முதல் மரியாதை!

– அவதாம்மா கேட்டா.

– என்னன்னு?

– நேத்து இங்கதான் நின்னு அழுதா. 'முதல்ல நான் முத்தி செய்றேன் சாமி. அதே இடத்துல பெர்னார்தீனா வாய் வச்சான்னா, அதுதான் என் சமாதானம், அவ பிள்ளை வீட்டுக்கு வரட்டும். முன்கூட்டி அவகிட்ட சொல்லிடாதீங்க, மனசார செய்றாளான்னு பாக்கணும்'னா.

– ஐயோ! ஐயோ சாமி! என் பிள்ளைக்கு நானே கதவைச் சாத்திட்டேனே!

– உக்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க.

– தண்ணி கிடக்கட்டும். அவ எங்க? கோயில்ல இருக்காளா?

– நீங்க மூஞ்சியத் திருப்பினதைப் பார்த்ததுமே எந்திரிச்சுப் போயிட்டா. பூசை முடியக்கூட இல்ல.

– என் முக்காட்டை எடுங்க. அவ வீட்டுக்குப் போறேன்.

– கதவைத் திறக்க மாட்டாம்மா. எனக்குத் தெரியும் அவளை.

– திறக்க வேண்டாம். கதவை இழுக்க அவ கை படுற வளையம் வெளியிலதானே இருக்கு? அதுல முத்தி செய்றேன். தெருவே பாக்கட்டும். அவ எட்டிப் பாக்குற வரைக்கும் செஞ்சுட்டே இருக்கேன்.