மிதக்காத சிப்பு

அட, இரு அக்கா, சிரிப்பு வரும், கண்டிப்பா வரும். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிற மாதிரி ஒண்ணு வெச்சிருக்கேன். ஆனா இப்போ இல்ல. முதல்ல இந்த ஸ்டூல்ல உக்காரு. ஓனர் சாப்பிடப் போயிருக்கார், வர அரை மணி ஆகும்.

தெரியும், உன் பழைய போனோட மெமரி சிப்பை வாங்கத்தானே வந்தே? அப்பா கடைசியாப் பேசினது அதுக்குள்ள இருக்கு, பத்திரமா வெச்சுக்கணும். தர்றேன். எப்படிக் கழட்டினேன்னு கேக்காமலே வாங்கிட்டுப் போனா கடை மரியாதை என்ன ஆகுறது?

இது குப்பைக்குப் போற போன் போர்டு, சும்மா காட்டுறேன். சிப்பைச் சுத்தி இருக்கிற பொடிப் பார்ட்ஸுங்க காத்துல பறக்காம இருக்க டேப் ஒட்டணும். ஓரத்துல இந்தப் பசை. அப்புறம் சூட்டுக் காத்து, வட்டமா, ஒரே இடத்துல நிக்காம. இப்போ இந்த ட்வீசரால சிப்போட ஓரத்தை லேசாத் தட்டு. அசையலையா? அப்போ அடியில ஈயம் உருகல. பேசாம இருக்கணும். ஓனர் மூக்கால கத்துவார் பாரு, டேய், அது சிப்புடா, பல்லு இல்ல பிடுங்குறதுக்கு, மிதக்குதான்னு பாருடான்னு.

சிரிச்சுட்டே! இல்லல்ல, இது அது இல்ல. அது இன்னும் பாக்கி.

இப்போ தட்டு. நகர்ந்துட்டுத் தானா பழைய இடத்துக்கே வருது பாத்தியா? அதான் மிதக்குறது. இப்போ தூக்கினா அலுங்காம வந்துடும். அடியில வரிசையா வெள்ளிப் புள்ளி. உள்ள இருக்கிறது எல்லாம் அந்தப் புள்ளி வழியாத்தான் வெளிய வரணும்.

உன் சிப்பா? வர்றேன், அவசரப்படாதே.

அன்னைக்கு நீ போனைத் துண்டுல சுத்தி நீட்டினே இல்ல. என் கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு வருஷமா என்கிட்ட வாயே திறக்காத அப்பா நாப்பது செகண்ட் வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பியிருக்கார், கோவத்துல நான் கேக்கல, போன் வாளியில விழுந்துச்சு, மூணாம் நாள் அவரே இல்லன்னு. திட்டினாரா, மன்னிச்சாரா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும்டான்னே.

எனக்குப் பயமாயிடுச்சுக்கா. பயந்தா என் வாய் சும்மா இருக்காதே. ஆபரேஷன் டாக்டர் மாதிரி ஆரம்பிச்சுட்டேன். நர்ஸ், கத்தி. நர்ஸ், பஞ்சு. நர்ஸ், எனக்கு ஒரு டீ. கடையில நின்னவங்க எல்லாம் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு வேகத்துல தூக்கிட்டேன்.

தட்டிப் பாத்தியான்னு கேக்குறே பாரு, நல்லாவே கத்துக்கிட்டே.

இந்தா, உன் சிப்பு. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ கவுத்து வெச்சிருக்கேன், கண்ணை வை. வெள்ளியாத் தெரியுதா? பாதிதான் தெரியுதா? கறுப்பா இருக்கிறது அழுக்கு இல்லக்கா, துடைச்சாப் போகாது. பிஞ்ச இடம். மீதிப் புள்ளி போர்டுலயே நின்னுடுச்சு.

அப்புறம் உனக்கு அனுப்பின அப்பா பேச்சை இதுல இருந்து எப்படி எடுத்தேனா?

அந்தப் பேச்சுல உனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு வருமே. லேசா இருமிட்டு, உன் வாட்ச் என் டிராயர்லதான்மா இருக்கு, சாவி குடுத்துத்தான் வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கன்னு. மாமாவுக்குக் கூடப் போட்டுக் காட்டினியாம். அப்பா போட்டோவை ஹால்ல மாட்டிட்டேன்னு நேத்து போன்ல அழுதியே, அப்பவே சொல்லியிருக்கணும்.

அந்த வாட்ச் டிராயர்ல இருக்குன்னு எனக்கும் தெரியும்லக்கா. சாவி குடுத்தது கூட நான்தான்.

அந்த இருமல்தான் லேசுல வரல. கடை பாத்ரூம்ல நின்னு பதினோரு தடவை பேசிப் பாத்தேன். மத்தபடி கஷ்டமே படல. போன வருஷம் எனக்குக் குரல் உடைஞ்சதுல இருந்து அப்பா மாதிரி தானா வருது.

அதான் அந்தச் சிரிப்பு. எப்படிப் பேசினேன் பாத்தியான்னு... நீ சிரிப்பேன்னுதான்...

அக்கா, லென்ஸ் பூரா ஆவி பிடிச்சிருச்சு, கண்ணை எடு.