டெனிஷை அடிச்ச திமிங்கலம்

இல்லக்கா, அந்தத் திமிங்கல வீடியோவ இன்னொருக்கா ஓட்டுங்க. வால் மேல வருமே, அங்க நிறுத்துங்க. ஆ, நிறுத்துங்க நிறுத்துங்க. இடப்பக்கம் நுனியில ஒரு துண்டு இல்லல்லா, கடிச்சு எடுத்த மாதிரி? செரி, விடுங்க, ஓடட்டும்.

முன்னால ஓடுதே, அதானே பெட்டை? பின்னால வாறது பூரா ஆம்பளையளு. அடேயப்பா, என்னா அடி! ஒண்ணு முதுகுல ஒண்ணு ஏறி, தலையால மோதி, மண்டையெல்லாம் ரத்தம். எதுக்கு, அவ பக்கத்துல நீந்துறதுக்கு. கொள்ளாம், நல்ல கூத்து. அவளுக்கு ஆர பிடிச்சிருக்குண்ணு ஒருத்தனும் கேக்கமாட்டானா? சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்கேன். ஓ, ஒங்களுக்கும் தெரியாதா.

இல்லக்கா, இந்த ஊருல திமிங்கலம்ணாலே இப்பம் டெனிஷ் ஞாவகம்தான். கேள்விப்பட்டிருப்பியளே. அவனும் கூட்டுக்காரன் ஷிஜினும் ஒரே வள்ளத்துல கடலுக்குப் போனானுவ, ஷிஜின் மட்டும் திரும்பி வந்தான். திமிங்கலமெல்லாம் சண்டை போட்டுது, டெனிஷ் படம் பிடிக்க செல்போன எடுத்துக்கிட்டு வள்ளத்து விளிம்புல நின்னான், வால் வீசி அடிச்சிட்டுண்ணு மணல்ல உருண்டு உருண்டு அழுதான். காப்பாத்தக் கடல்ல சாடுனேன், முடியலண்ணான். பொறவு டெனிஷ் வட்டக்கோட்டை பாறையில ஒதுங்கினான். பின்மண்டையில முறிவு. திமிங்கலம்தான்ணு எல்லாரும் முடிச்சாச்சு. மிருகத்துட்ட போயி ஆரு கேக்க?

பகையா? அப்பிடிச் சொல்ல முடியாது. ஒரே பொண்ணு மேல ரெண்டு பேருக்கும் கண்ணு. அவளுக்கு டெனிஷத்தான் பிடிச்சிருந்துது.

டெனிஷ் சாவுறதுக்கு முந்தி, ஈஸ்டருக்கு முன்ன வருமே அந்தத் தவசு காலத்துல, இதே வீடியோவ மாதா கோயில் மண்டபத்துல போட்டுக் காட்டுனியள்லா? வலையில திமிங்கலம் மாட்டுனா அறுத்து விடணும்ணு பாடம் எடுத்தியளே, அண்ணைக்கு. ஷிஜின் முன் பெஞ்சுல இருந்தான். அவன் கரையில சொன்னது அத்தனையும் இதுல இருக்குக்கா. நுரை விடுறது, தலையால மோதுறது. அது போவட்டும், எல்லாத் திமிங்கலமும் அப்பிடித்தான் செய்யும்ணு வச்சுக்கிடலாம். டெனிஷுக்க அம்மை வியாகுலம்மாள் ஒரு கேள்வி கேட்டாவ. எனக்க மொவன அடிச்ச வால் எப்பிடிடே இருந்துதுண்ணு. இடப்பக்கம் நுனியில ஒரு துண்டு இல்லண்ணு சொன்னான். நான் பக்கத்துல நின்னேன்.

ஒண்ணுக்க வால் மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காதுண்ணு நீங்கதானே சொன்னிய, நம்ம கைரேகை மாதிரின்னு? அப்பம் இது எந்தக் கடல்ல உள்ளது? ஆஸ்திரேலியாவா! இங்க வராதா? வழி தப்பிக் கூட?

வராது. செரி.

தண்ணி வேண்டாம்கா. எனக்கு ஒண்ணுமில்ல. பயமாத்தான் இருக்கு, வேற என்ன.

நாளைக்கு ஞாயிறுல்லா, நீங்க பூசைக்கு வருவியளா? ஒங்களுக்குத் தெரியாது, எங்களுக்குள்ள கல்யாணம்ணா முன்னாடி மூணு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிப்பாவ. பொண்ணு, மாப்பிளை பேரச் சொல்லி, இதுக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்ணு சாமியாரு கேப்பாரு. ரெண்டு ஓலை முடிஞ்சுது, ஒருத்தரும் வாயத் தொறக்கல. தொறக்க என்ன இருக்கு, வியாகுலம்மாளே முன்ன நின்னு பேசி முடிச்ச கல்யாணம். எனக்க மொவனுக்காவ கடல்ல சாடுனவன்ணு சொல்லிச் சொல்லியே முடிச்சாவ. நாளைக்கு மூணாவது ஓலை. ஷிஜினுக்க பேர வாசிச்சிட்டு எனக்க பேர வாசிப்பாரு.