உள்ளுக்கு ஒன்னுமில்லைங்க

எலியாத்தான் இருக்கும்ங்க ஐயா. எலி இவ்வளவு வட்டமாக் கடிக்காதா? எங்க தோட்டத்து லய வீட்டு எலியப் பாத்ததில்லையே நீங்க. சரி, இந்தப் பொய்க்கால்ல இருக்க ரெண்டு ஓட்டையப் பத்தி எதுக்கு இப்படித் துருவித் துருவிக் கேக்குறீங்க? எங்க முதலாளி இங்க வந்தாரா? போன்ல ஏதும் பேசுனாரா? அந்த ஜன்னல் பக்கம் குந்தியிருக்காரே, அவரு யாரு? ஓ, அவரும் கால் போட வந்தவரா. அப்ப கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்.

நீங்க செஞ்ச காலுல ஒரு பிழையும் இல்லைங்க. இங்க கம்பியப் புடிச்சு நடக்கப் பழக்கி விட்டீங்க. தெரணியகலைல எங்க லயத்துக்கு வந்து பாருங்க, கம்பியாவது ஒன்னாவது. செங்குத்தாப் படி, மழ பேஞ்சா வழுக்கும். விழுந்து விழுந்துதான் பழகுனேன். வெள்ளையம்மா, என் சம்சாரம், சிரிச்சுக்கிட்டே தூக்கி விடுவா. பொறவு ஒரு நாள் தண்ணிக் குடத்தோட மேல ஏறிட்டேன். அன்னைக்கு அழுதுட்டேங்க.

அதுக்கப்புறந்தான் மாணிக்கக் குழிக்குத் திரும்பிப் போனேன். ஆமா, கால் போன அதே குழிதான். வேற என்ன தொழில் தெரியும் எனக்கு? உள்ள எறங்க ஏலாது. மேல தண்ணிக்குள்ள நின்னு கூடைல மண்ண அலசுறது. கல்லு கண்ணுல படுற எடம் அதுதானே, ஒளிச்சு வைக்க எடமிருக்கக் கூடாதுன்னு அங்க எல்லாரும் கோவணத்தோட நிக்கணும். வாயில வெத்தலகூடப் போடக் கூடாது. ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டே இருப்போம். ஞாயந்தான். நானே கூட நிக்கிற பியதாசவோட கன்னத்தப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்.

எல்லாரும் வெறும் மேலோட நிக்க, நான் மட்டும் இந்தக் குழாய்க் கால மாட்டிக்கிட்டு நிக்கிறேன். நான் நல்லா நடந்தா, மூக்கையாவுக்கு எங்கிருந்துடா இந்தத் தெம்புங்குறாங்க. நொண்டுனா, கால் கனக்குதாங்குறாங்க. இங்க வர்ற வழில செக் பாயிண்ட்ல ஆமிக்காரன்கூட ஒரு தரம் கழட்டித் தட்டிப் பாத்துட்டு விட்டுட்டான். முதலாளி தெனமும் கழட்டச் சொல்றாரு. கழட்டுனா மேல கால வைக்கிற கிண்ணந்தானே தெரியும். அதுக்குக் கீழ பாதம் வரைக்கும் வெறுங்குழாய்னு நான் எப்படிக் காட்டுறது, நீங்களே சொல்லுங்க. ஒரு பொட்டுக் கல்லு எடுத்ததில்லைங்க நான். என் புள்ளைக மேல சத்தியம்.

அதான் கம்பியக் காய வச்சு நானே குத்துனேன். இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு. வெளிச்சம் ஊடால வரும்ல. ஏசாதீங்க ஐயா. அதாலதான் வலுக் கொறஞ்சு விரிசல் விட்டுச்சுன்னு எனக்கும் தெரியுது. புதுக்கால்ல நீங்களே ஓட்ட போட்டுத் தந்துருங்க, ஒடையாத மாதிரி. கொஞ்சம் பெருசாவே போடுங்க. சின்ன ஓட்டைல சரியாத் தெரியல போல. இது விரிசல் விடுறதுக்கு முந்துன நாள் காலைல, நான் தூங்குறேன்னு நெனச்சு, வெள்ளையம்மா கால எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயி, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு அந்த ஓட்ட வழியா உள்ள பாத்துட்டு நின்னா.