தோணித்துறைக்குப் பாலம் வேணாம்

வேணாம், அத வெளிய எடுக்காத. பையிலயே கெடக்கட்டும் அந்தப் புதுக் கதைப் பேப்பருங்க. மொதல்ல ஃபேனாண்ட வந்து குந்து ஸ்ரீராமு, வேர்த்து ஊத்துது உனக்கு. அவங்களா? எம் பொண்ணு கார்த்திகாவும் மாப்ளையும் ஓ.டி. மார்க்கெட் வரைக்கும் போய்கீறாங்க, வந்துருவாங்க. அவங்க அப்பா பாலு வாங்கப் பூட்டாரு. நீ முன்னாடியே வந்தது நல்லதாப் போச்சி நைனா. உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். நம்ம ஞாயித்துக்கெழம வேச ஆட்டத்துல தோணித்துறைக் கதைய இன்னையோட மூட்ட கட்டிட்டு, புதுப் பொஸ்தகத்துக்குத் தாவப் போறியாமே, நெசமா?

தலைய ஆட்றான் பாரு. அதத்தான் வேணாங்கறேன். அவ்ளோதான் விசயம். இப்ப காப்பியக் குடி.

ஏன்னா கேக்கற? போன வாரம் டிவில போட்டுக் காட்னியே, இந்த ஆட்டத்துக்குப் பொஸ்தகம் போடற வெள்ளக்காரக் கம்பெனி வீடியோ, அதப் பாத்ததுலேர்ந்து அவனத் திட்டிகினே கீறேன். மெய்யாலுமே. நீங்கல்லாம் கையத் தட்னீங்க, விசில் வேற. இத்தினி வருசமா கெடப்புல போட்டு வச்ச தோணித்துறைய தூசி தட்டித் திரும்பக் கொண்டாறாங்களாம். அதுங்கூட இன்னும் ரெண்டு பொஸ்தகமாம். தங்கக் கலர்ல அட்டையாம். அட்டைய வச்சி இன்னா பண்றது, நாக்கு வழிக்கறதா? கொண்டாறேன்னு சொல்லிட்டு இன்னா பண்ணி வச்சிகீறான் பாரு அந்தப் பேமானி! கதையில நூறு வருசம் தாண்டிப் பூடுச்சாம். ஊரு எரிஞ்சிடுச்சாம். ஆத்து மேல பாலம் கட்டிட்டானாம். பாலம்! அப்பால தோணிக்காரியா ஆடற எனக்கு அங்க இன்னா வேலை, சொல்லு. நான் இன்னா, பாலத்துக்கடியில குந்திகினு முறுக்கு விக்கறதா?

சிரிக்காத. செம்பரம்பாக்கம் பக்கத்துல நெலத்துல மண்ணக் கொட்டி மூடிட்டு, பிளாட் போட்டு, பச்சைப் பண்ணைன்னு வாசல்ல ஆர்ச்சு வச்சிகீறான் இல்ல? அந்த மாரி கலீஜு வேலை இது. பேரு மட்டும் பழசு. உள்ள ஒரு புல்லு கெடையாது.

அந்தப் படத்தப் பாத்தியா நீ? தோணிக்காரின்னு ஒரு பொண்ண வரைஞ்சிகீறான். நெத்திலிக் கருவாடு மாரி கீறா. கையில துடுப்பக் காணோம், கத்தி வச்சிகினு நிக்கறா. இடுப்புல துணியக் காணோம். அந்த இடுப்ப வச்சிகினு தோணியத் தள்ளுவாளா அவ? த்தூ. வரைஞ்சவன் ஆத்தயும் பாத்ததில்ல, பொம்பளயயும் பாத்ததில்ல.

சரி, அதுகூட உடு. நான் போனாப் போறேன். சுங்கக்காரர இன்னா பண்ணிகீறான்? நீயேதான படிச்சிக் காட்னே. இடிஞ்ச கேட்டாண்ட சுங்கக்காரரோட ஆவி நிக்குமாம். வர்றவன் போறவன் அத அடிச்சா பாயிண்டாம். எங்க ஊட்டுக்காரரு ஆடற ஆளுப்பா அது! குத்துக்கல்லாட்டம் கீற மனுசன ஆவியாக்கிட்டு, அடிச்சா பாயிண்டுன்றானே, இவன் வாயில கொள்ளிய வைக்க. கார்த்திகாகூட சிரிச்சிட்டா. அவரு சிரிக்கல. நீ கவனிச்சியா? கண்ணாடியக் கயட்டித் தொடைச்சாரு, போட்டாரு, திரும்பக் கயட்டித் தொடைச்சாரு.

பிஸ்கட் எடுத்துக்க. இல்ல இல்ல, நீ நல்ல புள்ளதான், உன்னத் திட்டல. அந்தக் கம்பெனிக்காரனத் திட்டறேன்.

நாங்க ரெண்டு பேரும் இதுல எப்டி வந்து மாட்னோம்னு உனக்கு நெனப்பு கீதா? நான் மொதல்ல பஜ்ஜி வைக்க வந்தவதான. பக்கத்தூட்டு வனஜா அப்பவே கேட்டா, இன்னாடி பேபி, உம் மாப்ளையோட சிநேகிதனுங்க கதவ சாத்திகினு கத்தறானுங்களே, சூதாட்டமான்னு. இல்லடி, மேஜயச் சுத்திக் குந்திகினு ஆளுக்கொரு வேசம், ஒருத்தன் கதைய நடத்துவான், மத்தவங்க அந்த வேசத்துலயே பேசுவாங்க, ஜெயிக்கறமா தோக்கறமான்னு இருவது மூஞ்சிக் கட்டைய உருட்டிப் பாப்பாங்கன்னேன். கூத்து மாரியான்னா. கூத்துன்னா பாக்கறதுக்கு ஆளு வேணும்டி, இதுல பாக்கறவன் எவனும் கெடையாது, எல்லாரும் ஆடறவன்தான்னேன். அப்ப இன்னாத்துக்கு ஆடறானுங்கன்னா. அன்னிக்கி நான் பஜ்ஜியத் திருப்ப உள்ள பூட்டேன்.

அப்பால உங்காளு ஒருத்தன் பெங்களூருக்கு மாத்திகினு போனான், ஆளு பத்தல. மாப்ளதான் இவர இட்டாந்து குந்த வச்சாரு. மாமா, சும்மா கேட்டுல நிக்கற ஆளு, கஷ்டமே இல்லன்னு. ஆவடி ஃபேக்டரி கேட்டுலயே நின்னு ரிட்டேர் ஆன மனுசன். கேட்டுன்னா உடுவாரா? மாப்ள மந்திரவாதியா வந்தா, கேட் பாஸ் எங்கன்னாரு. பையத் தொறன்னாரு. உள்ள இன்னா பாட்டிலுன்னாரு. மாமா அது மந்திரத் தண்ணின்னா, எழுத்து மூலமா ஆர்டரு இல்லாம மந்திரத்த உள்ள உடமாட்டேன்னாரு. நீ தலையில கைய வச்சிகினே. அப்பால டிராகன் வந்துச்சே! மொதல்ல எடை போடணும், வரிசைல நில்லுன்னாரு. அதுவும் ரெக்கைய மடக்கிகினு நின்னுச்சே! நீதான நிக்க வச்சே. அதுக்கே உனக்குக் கோடி புண்ணியம்.

நான் உள்ள வந்த நாளு? சொல்றேன் இரு. அன்னிக்கி அவரு ஒருத்தனையும் கேட்ட தாண்ட உடல. கதை அங்கயே நிக்குது. எல்லாரும் கெஞ்சறீங்க. நான் தட்ட வச்சிகினு சமையக்கட்டு வாசல்ல எத்தினி நேரம் நிக்கறது? கடுப்பாயி, யோவ் சுங்கம், தோணியில பஜ்ஜி ஆறிப்போவுது, கேட்டத் தொறய்யான்னு கத்திட்டேன். அவரு நிமுந்து என்னப் பாத்தாரு. பாத்துட்டு, தோணிக்கு லைசென்ஸ் கீதாம்மான்னாரு. நீ உடனே, தோணிக்காரி கரைக்கு வந்துட்டாங்கன்னு சொல்லி, ஆத்து மேப்பு மேல ஒரு பட்டன எடுத்து வச்சே. என் கேரக்டரு, வயசு, ஒண்ணுமே கேக்கல. கார்த்திகா கையிலேர்ந்து டம்ளரு நழுவி உழுந்துச்சி. கண்ணத் தொடைச்சிகினே உள்ள ஓடனா. தண்ணி கொட்டனதுக்கா அழறான்னு நீங்கல்லாம் முழிச்சீங்க.

அதுலேர்ந்து ஞாயித்துக்கெழமன்னா தோணி போய்கினு வந்துகினு கீது. வரி கேப்பாரு, தரமாட்டேன்னுவேன். மீனு குடுத்தா வரி கழிப்பியான்னுவேன். முள்ளு இல்லாத மீனான்னுவாரு. உங்க சண்டை, புதையலு, ராசா மகன் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிகினு இருக்கும், நாங்க இந்தப் பக்கம் கேட்டாண்ட வாயாடிகினு இருப்போம். நீ ஒரு நாளும் போதும்னு சொன்னதில்ல.

இன்னா சொல்ற? புதுப் பொஸ்தகத்துல பேரப்புள்ளைங்களா ஆடலாமா? சுங்கக்காரரு பேரன் அவரு, தோணிக்காரி பேத்தி நானா? நல்லா கீது நியாயம். நூறு வருசம் தாண்டி, முன்னப் பின்னத் தெரியாத ரெண்டு பேரு, பாலத்து மேல எதிரும் புதிருமா மூஞ்சியத் திருப்பிகினு போறதா? அதுக்கு எதுக்குய்யா பொஸ்தகம்? எங்க ஊட்டு ஹாலே போதுமே.

முழிக்காத. மாப்ள சொல்லலியா உன்னாண்ட? நாங்க பேசறதில்லப்பா. கார்த்திகா கல்யாணத்துலேர்ந்து. பத்திரிகைல எங்கண்ணன் பேரு இல்ல. வேணும்னே உட்டாருன்னு நானு, பிரஸ்காரன் உட்டான்னு அவரு. மண்டபத்துலயே வாய்ச்சண்ட. அன்னிக்கி மூடன வாயி ரெண்டு பேருக்கும். இப்ப சோறு வச்சிட்டு செவுத்தப் பாத்து, வச்சாச்சின்னுவேன். அவரு காலண்டரப் பாத்து, கேஸ் தீரப்போவுதுன்னுவாரு. பழகிப் போச்சி. நீ ஞாயித்துக்கெழம மட்டும்தான வர்ற, உனக்கு எங்க தெரியும்.

போன வாரம் நீ அந்த வீடியோவப் போடறதுக்கு முன்னாடி தோணி கரைக்கு வந்துச்சி இல்ல? சுங்கக்காரரு இன்னா கேட்டாரு, சொல்லு. ஏம்மா தோணிக்காரி, காலு வீங்கிகினு கீதே, டாக்டராண்ட காட்ட மாட்டியான்னாரு. நீ கட்டைய உருட்டச் சொன்னே. தோணிக்காரிக்கு ஏதுப்பா வீங்கன காலு? நீ எழுதி வச்சியா? இல்லியே. செவ்வாக்கெழம சுங்கத்துக்கு லீவு உடறேன், நானே இட்டுகினு போறேன்னாரு.

செவ்வாக்கெழம காலைல கீழ ஸ்கூட்டர நிறுத்திகினு ஆரன் அடிச்சாரு. பொடவ மாத்திகினு போயி ஏறிக் குந்திகினேன். போனோம், ரத்தம் குடுத்தோம், வந்தோம். போவ வர ஒரு வார்த்த இல்ல. ரிசல்ட்டும் எனக்கு ஃபோன்ல வந்துடுச்சி. கிட்னி லேசா மக்கர் பண்ணுதாம், மாத்திரையிலயே அடங்கிடுமாம், பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாரு டாக்டரு. அது இவருக்குத் தெரியாது. கேக்க மாட்டாரு. படுக்கையில பொரண்டுகினே கீறாரு, அப்பவும் கேக்க மாட்டாரு. கார்த்திகாவாண்ட சொல்லி உடலாம்தான், ஏன் முடியாது. ஆனா அவரு என்னாண்டதான கேட்டாரு, தோணிக்காரின்னு கூப்ட்டு?

தோ, ஸ்கூட்டரு சத்தம். வந்துட்டாரு. பழைய ஆத்து மேப்ப எடுத்து விரி நைனா, சீக்கிரம். இன்னிக்கி தோணியில மொத ஆளா நான்தான் கேட்டுக்குப் போவணும்.