முதலாளியோட வீட்டுக்காரர்

அதுல உக்காராதீங்க மேடம், அது ஈரம். இந்தப் பக்கம் வாங்க. சலவைக் கம்பெனியில காஞ்ச நாற்காலி கிடைக்கிறதே பெரிய விஷயம். ஓனர் உள்ள போன்ல இருக்காங்க. பாய்லர் ரிப்பேர்காரன்கிட்ட சண்டை. முடிய நேரமாகும், நீங்க கேக்க வேண்டியத எங்கிட்ட கேளுங்க.

நானா? நான் அவங்க வீட்டுக்காரர்.

ஏன் மேடம் பேனாவ மூடிட்டீங்க? புரியுது. பொண்டாட்டி பேர்ல போர்டு, புருஷன் கையில கல்லா. இந்த மாதிரி எத்தனை பாத்திருப்பீங்க. ஆனா, பொம்பளைங்க நடத்துற சிறுதொழில்னு நீங்க சர்ட்டிஃபிகேட் குடுத்தாத்தான் அரசாங்க ஆஸ்பத்திரி டெண்டர்ல எங்களால நுழைய முடியும். இல்லன்னா புதுசா வாங்குன மெஷினுக்கும் வேலை இல்ல, அதை நம்பிச் சேத்த ஆளுங்களுக்கும் வேலை இல்ல. அதனால உள்ளத உள்ளபடி சொல்லிடுறேன். ஆரம்பத்துல நீங்க நினைக்கிற மாதிரியேதான் இருந்துச்சு.

எந்திரிக்காதீங்க மேடம், முழுசாக் கேளுங்க. டெண்டர்ல பொம்பளைங்களுக்குத் தனியா ஒதுக்குறாங்கன்னு கேள்விப்பட்டதும் கம்பெனிய அவ பேருக்கு மாத்துனேன். கையெழுத்துப் போடும்மான்னேன். எங்கன்னு மட்டும் கேட்டா. போட்டா. அடுப்புல பால் இருக்குன்னு போயிட்டா. அவ்ளோதான் அவ முதலாளி ஆன கதை.

போன தடவை வேற ஒரு ஆபீசர் வந்தாரு. அதுக்கு முந்தின நாள் பூரா நான் அவளுக்குப் பாடம் நடத்துனேன். அவர் அவளப் பாத்து, ரத்தக்கறை பட்ட துணிய எதுல அலசுவீங்கன்னு கேட்டாரு. அவ வாயத் திறந்தா. பச்சத்தண்ணின்னு நான் சொல்லிட்டேன். வெந்நீர் ஊத்துனா கறை ஒட்டிக்கும் பாருங்க. மறுபடி அவளப் பாத்து, எத்தனை பேர் வேலை செய்றாங்கன்னாரு. அதையும் நானே சொன்னேன். கடைசியா, உங்க பேர் என்னம்மான்னு கேட்டாரு. அதுக்கும் நான்தான் பதில். பழக்க தோஷம் மேடம். மனுஷன் டீ கூடக் குடிக்காமப் போயிட்டாரு. சர்ட்டிஃபிகேட் கிடைக்கல.

அன்னிக்கு அவ திட்டல. திட்டியிருந்தா தேவல. மறுநாள் காலையில எனக்கு முன்னாடி செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னா. எங்க கிளம்பிட்டன்னேன். என் கம்பெனிக்குன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

முதல்ல அழுக்குத்துணி பிரிக்கிற இடத்துல நின்னா. அப்புறம் மெஷின். அப்புறம் பாய்லர். நான் யார்கிட்டயாவது ரேட் பேசுனா பக்கத்துல உக்காந்து கேப்பா. ஒரு நாள் லாட்ஜ்காரர் வந்து ரேட்டக் குறைங்கன்னு என்னைப் புழிஞ்சு எடுக்குறாரு. நான் சரின்னு தலையாட்டப் போறேன். இவ எந்திரிச்சு, இவரோட துணிய எல்லாம் திருப்பி வண்டியில ஏத்துங்கன்னா. மனுஷன் பழைய ரேட்டுக்கே குடுத்துட்டுப் போனாரு. எனக்குப் பெருமையாவும் இருந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. ரெண்டும்தான்.

என் பொறுப்பு என்னன்னா? வரேன் மேடம், அதுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்.

ஆளைச் சேக்குறது, நிறுத்துறது யாரு முடிவுன்னுதான நீங்க முக்கியமாப் பாப்பீங்க? அவ முடிவுதான். ஆதாரமா? அது பலமாவே இருக்கு. இங்க அவ ஒரு சட்டம் வச்சிருக்கா. இப்ப ஒரு தனியார் ஆஸ்பத்திரித் துணி எடுக்குறோம்ல, அதுல சிவப்புப் பையில வர்றது தொத்து வியாதிக்காரங்க படுத்த துணி. அதை வேற எதோடயும் சேக்கக் கூடாது. தனி மெஷின், கொதிக்கிற தண்ணி. இங்க ஒருத்தர் என்ன பண்ணாரு, மெஷின் பாதி காலியா ஓடுதே, தண்ணி வீணாப் போகுதேன்னு, லாட்ஜ் மேஜைவிரிப்ப எல்லாம் அதுக்குள்ள தள்ளிவிட்டுட்டாரு. அனுபவஸ்தர். எல்லாம் வெந்துடும், என்ன ஆகிடப் போகுதுன்னு ஒரு நினைப்பு.

அவ வந்து மெஷின நிறுத்துனா. யார் போட்டதுன்னா. அந்த ஆளே கையத் தூக்குனாரு. அந்த விரிப்புல யார் வீட்டுப் புள்ளையோ சாப்பிடும்னா. அப்புறம் சாவிய வாங்கிக்கிட்டு, நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டா. அந்த ஆளு கெஞ்சிப் பாத்தாரு. இந்தக் கம்பெனிய ஆரம்பிச்சதே நான்தான்டின்னு கூடச் சொல்லிப் பாத்தாரு.

ஆமா மேடம். நான்தான்.

வீட்லயா? வீட்ல ஒரு பிரச்சனையும் இல்ல. சாப்பாடு போடுறா, தலைவலின்னா தைலம் தேச்சு விடுறா. வேலைப் பேச்சை எடுத்தா மட்டும், அதை ஆபீஸ்ல வந்து பேசுங்கன்னுடுறா. அதான் வந்தேன். வண்டி ஓட்ட ஆள் தேவைன்னு கேட்ல போர்டு தொங்குதே, அதுக்கு இன்னிக்கு ஆளுங்கள நேர்ல பாக்குறா. அதோ அந்த ரெண்டு பேருக்கு அப்புறம் நான். வரிசையில உக்கார வச்சதே இங்க வேலை பாக்குற என் மச்சினன்தான். மாமான்னு மரியாதையாத்தான் சொன்னான்.

எழுதிக்கிட்டீங்களா? கொட்டை எழுத்துல எழுதுங்க, கட்டின புருஷனையே வேலைய விட்டுத் தூக்குனவன்னு. இதுக்கு மேல அவ முதலாளிங்கறதுக்கு என்ன அத்தாட்சி வேணும்? அவளுக்குக் குடுத்துடுங்க மேடம். அது அவ சம்பாதிச்சது.

கையில என்னவா? டிரைவிங் லைசென்ஸ். அவ முன்னாடி உக்காந்து பதில் சொல்லணும்ல. இங்க வரணும்னு இருக்கு மேடம். அவ வேலை செய்றதப் பாத்துக்கிட்டு இருக்கணும்னு இருக்கு.

ஐயோ, நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. சிபாரிசுல வந்தவங்கள அவ எடுக்க மாட்டா.